குழந்தை இல்லாத படத்தில் ஒரு குழந்தை

ஒட்டுகிறவன் ஒரு நிமிடத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறான், உரிக்கிறவளுக்குத்தான் நாள்கணக்கு. ஓவியர்கள் கையால் வரைந்து அச்சடித்த காலத்து சினிமா போஸ்டர்களைப் பழைய பலகைகளிலிருந்து உரித்து, காயவைத்து விற்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு வடசேரியில் வாய்த்த பிழைப்பு இது. மைதாப் பசையோடு மல்லுக்கு நின்றவர்கள் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

கொடியில் தொங்கியவர்

ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு தென்னை ஈர்க்கில், அவ்வளவுதான் என் ஆயுதம். ஊறிய பலகையில் ஈர்க்கிலை மெல்ல நுழைத்தால் ஒரு தாள் பிரியும். அதன் கீழே இன்னொரு முகம். ரோஸ் கன்னம், மூக்கோரம் நீல நிழல். தண்ணீருக்கடியில் அவை அசையும்போது, தூக்கம் கலையப்போகிறவர்கள் மாதிரி இருக்கும். நான் இருமக்கூட மாட்டேன்.

ஒருநாள் ஒரு கதாநாயகரைத் துணிக்கொடியில் தலைகீழாகக் காயப்போட்டிருந்தேன். காற்றில் கிழிந்துவிடுமோ என்று பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, உன் மாப்பிளை துபாயில கெடக்காரு. நீ இங்க எவனையோ தலைகீழா கட்டிப் போட்டிருக்கியே!”

சிரமப்பட்டதற்குப் பலன்

கடலோரத்தில் ஓட்டல் நடத்துகிற ஒருவர் சுவருக்குப் போஸ்டர் கேட்டு வந்தார். மூன்று நாள் மூச்சைப் பிடித்து, ஒரு மூலைகூட மடங்காமல் உரித்த ஒன்றை விரித்துக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

“புதுசு மாதிரியில்லா இருக்கு. கொஞ்சம் கிழிச்சுத் தர முடியுமா?”

கடைசியில் அருமனையிலிருந்து வந்த பலகையில் ஒட்டியிருந்த நீலச்சேலைக் கதாநாயகியைக் கைகாட்டிவிட்டுப் போனார்.

பலகைக்குப் பின்னால் வந்தவள்

மூடிப்போன தியேட்டரின் பலகை அது. மறுநாளே லீலா என்றொருத்தி பஸ் ஏறி வந்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவள். அந்தத் தியேட்டரில் அவள் அப்பாதான் ஓவியர். கம்பெனி போஸ்டர் வரத் தாமதமானால் அவரே பவுடர் கலரில் வரைந்து ஒட்டுவாராம். இந்த நீலச்சேலைக்காரியின் படத்துக்கு அப்படி வரைந்தபோது, கதாநாயகியின் மடியில் மூன்று வயது லீலாவை உட்காரவைத்துவிட்டார். படம் பார்த்தவர்கள் குழந்தை எங்கே என்று சண்டைக்கு வர, முதலாளி மறுநாளே கம்பெனி போஸ்டரை அதன்மேல் ஒட்டச் சொன்னார். பிறகு பலகையை டிக்கெட் அறைக்குத் தடுப்பாக வைத்ததால் மேலே வேறெதுவும் ஏறவில்லை.

சின்ன வயதில் அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை.

“படத்துல பிள்ளையே கெடையாது அக்கா. அப்பாக்கு என்னை அங்க வைக்கணும்னு தோணிருக்கு.”

நீலமாகிப் போன தண்ணீர்

அவள் பக்கத்தில் நிற்கும்போதே அந்தத் தவறைச் செய்தேன். வழக்கம்போலப் பலகையைத் தண்ணீரில் இறக்கினேன். அச்சு மை தண்ணீருக்கு அசையாது. பவுடர் கலர் கரையும். அவள் சொல்லியும் கை பழக்கத்தில் போய்விட்டது. ஓரத்திலிருந்து நீலம் புகைபோலக் கிளம்பியது. பின்னாலேயே சிவப்பு. அழகாக இருந்தது என்று சொல்லக் கூசுகிறது.

பதறித் தூக்கி, மேல்தாளைப் பிரித்தேன். அடித்தாளில் சாயக்கறைதான் மிச்சம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். லீலாதான் மேல்தாளைப் புரட்டினாள். அதன் முதுகில், பழைய பசையில், ஒரு குழந்தை முகம் பதிந்திருந்தது. இடவலம் மாறி. அவளுடைய இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருந்தது.

“எல்லாம் மாறிப்போச்சே மக்கா” என்றேன்.

“எங்க மாறிச்சு? கண்ணாடியில நான் என்னை இப்பிடித்தானே பாத்திருக்கேன்.”

சுவரைப் பார்க்கும் நடிகை

இரண்டு தாளையும் அவளிடமே கொடுத்தேன். ஓட்டல்காரர் வந்தபோது, நீலச்சேலைக்காரி அருமனையில் ஒரு வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்குகிறாள் என்று சொன்னேன். அடித்தாள் கரைந்த கதையையும் மறைக்கவில்லை. அவர் கண் விரிந்தது.

“அந்தக் கரைஞ்சதையாவது எனக்கு வச்சிருக்கப்படாதா? அதுல்லா பழசு!”

இப்போதெல்லாம் எந்தப் பலகையை நனைக்கும்முன்னும் “அடியில யாரும் இருக்கியளா?” என்று ஒருதரம் கேட்டுவிடுகிறேன், பதில் வரும் என்றல்ல, கேட்காமல் நனைத்தாள் என்று நாளைக்கு யாரும் பஸ் ஏறி வந்துவிடக் கூடாதே என்றுதான்.