ராசி கெட்ட சைக்கிள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள் அவள். புருஷன் செத்த பிறகு வேலைக்குப் போகவில்லை. இன்றும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார். அவள் ஷிப்டு நேரத்துக்குப் பஸ் கிடையாது. தினமும் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவன் புருஷன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சைக்கிளில் ஊருக்கு வெளியே சும்மா சுற்றிவிட்டு வருவான். அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். அப்படிப் போனவனை லாரி அடித்தது. சைக்கிளுக்கு மட்கார்டு மட்டும் நெளிந்தது.

அவளுக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். அதை வெளியே எடுத்ததும் மாமியார் வந்து மறித்தாள்.

"அந்தச் சனியனைத் தொடாதே. எம் புள்ளையை முழுங்கின வண்டிடி அது. ராசி கெட்டது. பழைய இரும்புக்குப் போட்டுடு."

"முழுங்கினது லாரி, அத்தை."

"வாயைப் பாரு இவளுக்கு!"

"அந்த லாரி நேத்துகூட மணல் ஏத்திக்கிட்டு நம்ம தெருமுனையில போச்சு. அதை யாரும் ராசி கெட்டதுன்னு சொல்லலையே."

மாமியார் நகர்ந்து வழிவிட்டாள்.

சீட் அவன் உயரத்துக்கு இருந்தது. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி இறக்கினாள். அழுகை வரும் என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

"ஓரமாப் போடி!" என்று மாமியார் கத்தினாள்.

"அவரும் ஓரமாத்தான் போனாரு, அத்தை," என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.