டாக்டர் காட்டிய கோடு

கல்கத்தாவில் கார்டன் ரீச்சில் இத்தனை வருஷம் இருந்தும் என் மனைவிக்கு வங்காளம் வராது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்லணும்.

அன்று கம்ப்யூட்டரில் ஒரு கோடு காட்டினார். அவளுக்கு இருக்கும் அதே கேன்சர் வந்தவர்களில், மாதம் போகப் போக எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் கோடு. முதல் வருஷம் மளமளவென்று இறங்கியது. பிறகு ஏறக்குறைய நேராகப் போனது.

“முதல் வருஷம் தாண்டினா பயம் குறைவாம்,” என்றேன்.

அவள் இறக்கத்தில் விரல் வைத்தாள். “இங்க என்னங்க?”

மழுப்ப வழியில்லை. “அதுல நிறைய பேர் போயிட்டாங்க.”

“நாம எங்க இருக்கோம்?”

“அங்கதான்.”

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?”

அவள் என்ன கேட்கிறாள் என்றார் டாக்டர். அதையும் நான்தான் வங்காளத்தில் சொல்ல வேண்டியிருந்தது.