முந்தானையில் வாங்குகிறவள்

சந்தனமாரி அக்கா யாரிடமும் எதையும் கையில் வாங்க மாட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பாள். கொடுக்கிறவர் அதில் போட வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாள் மிட்டாய், சத்துணவில் மிஞ்சிய முட்டை, பொங்கலுக்குக் கொடுக்கும் சேலை, எல்லாம் அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது முதலில் பார்த்தேன். இப்போது என் மகள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பழக்கம் மாறவில்லை.

எங்கள் பள்ளி ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அக்காதான் கேட்டைத் திறப்பாள். புங்க மரத்துச் சருகைப் பெருக்கி, கழிப்பறையைக் கழுவி, குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு, மணி அடிக்கும்போது பின்பக்கம் போய்விடுவாள். ஊராட்சி மூலம் வந்த வேலை என்பதால் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது.

முன்பெல்லாம் ஆண்டு விழாவில் அந்தந்த வகுப்புப் பெற்றோர் அவரவர் டீச்சருக்குப் பரிசு கொடுப்பார்கள். போன வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பட்டுச் சேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் வாழைத் தோட்டத்துக் கூலிக்காரர்கள். அவர்கள் சேர்ந்து ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த டீச்சர் சிரித்தபடியே வாங்கிக்கொண்டார். பிறகு குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். சமையல்காரம்மாவுக்கும் சந்தனமாரி அக்காவுக்கும் வகுப்பே இல்லை, அதனால் பரிசும் இல்லை. விழா முடிந்ததும் பரிசுகளைச் சுற்றியிருந்த மினுமினுப்புக் காகிதத்தை அக்கா பெருக்கி அள்ளினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஆண்டு ஜனவரியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் நடந்தது. இனி வகுப்புவாரியாக வேண்டாம், பள்ளியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி குக்கர் கொடுத்துவிடலாம் என்றாள் தலைவி சுகன்யா. ஆசிரியர்களில் மூத்தவர் தாணுமாலையன் சார்.

"நான் குக்கர வச்சு என்ன செய்யட்டும்?" என்றார்.

"வீட்டம்மாகிட்ட குடுங்க சார். ஒரு நாளாவது சோறு வெந்து கிடைக்கும்" என்றார் வாழையிலை வியாபாரி பெருமாள்ராஜ் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

யாரை முதலில் கூப்பிடுவது என்று அடுத்த பேச்சு வந்தது. டீச்சர்களுக்குள் மனத்தாங்கல் வராமலிருக்க, இந்தப் பள்ளியில் யாருக்கு அதிக வருஷமோ அவர் முதலில் என்று தலைமையாசிரியர் ஸ்வீட்லின் டீச்சர் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். பதிவேட்டைப் பார்த்துச் சுகன்யா எழுதத் தொடங்கினாள். "தாணுமாலையன் சார், பத்தொம்பது வருஷம்."

எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடத்தான் போவேன். ஆனால் அக்காவுக்கு மே மாதத்தோடு வேலை முடியவிருந்தது. பள்ளியில் அவள் இருக்கப்போகும் கடைசி விழா அதுதான்.

"சந்தனமாரிக்கா அதுக்கு முன்னாலயே இருக்காங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "எந்த ரிஜிஸ்தர்ல இருக்கு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நான் அஞ்சாப்பு படிக்கும்போது வகுப்புல வாந்தி எடுத்தேன். பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு ஓடிட்டு. அக்கா வந்து மண்ண அள்ளிப் போட்டு, அவுங்க முந்தானையாலதான் என் வாயத் தொடச்சாங்க. வேலைக்கு வந்து அப்போ ஒரு வாரம்கூட ஆகல. இருபத்துநாலு வருஷம் இருக்கும்."

அண்ணாச்சி சிரித்தார்.

"நல்லாருக்கும்மா! மேடையில முதல் பேரு பெருக்குதவ பேரா? வந்திருக்கிற பெரிய மனுசங்க என்ன நெனைப்பாங்க?"

"அவுங்க உக்காந்திருக்க நாற்காலியத் தொடச்சது யாருன்னு நெனைப்பாங்க அண்ணாச்சி" என்றாள் சுகன்யா.

அண்ணாச்சி தாணுமாலையன் சாரைப் பார்த்தார். முதல் இடம் போவது சாருக்குத்தானே. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இங்க வேலையில சேர்ந்த அன்னைக்கு எனக்குக் கேட்டத் திறந்துவிட்டது அந்தம்மாதான்" என்றார். "அவுங்க பேர முதல்ல எழுதும்மா."

விழாவுக்கு முந்தின நாள் நானே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்னைய வச்சு வெளையாடாத."

"நெசமாத்தான்க்கா. குக்கர் தாராங்க."

அவள் வாளியை ஓரமாக வைத்தாள். பிறகு, "அது முந்தானையில நிக்குமா?" என்று கேட்டாள்.

"கையில வாங்குங்கக்கா."

"எங்கம்மா ஒரு வீட்டு வாசல்ல கையில வாங்கிட்டா" என்றாள். "மோர்தான். கை பட்டுட்டுன்னு அந்தச் செம்பத் தூக்கித் தெருவுல எறிஞ்சாங்க. நான் பக்கத்துல நிக்கேன். மோரு எம் பாவாடையெல்லாம். அதுலருந்து அம்மாவும் கை நீட்டல, நானும் நீட்டல." உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஊருக்கு முன்னால எப்படிட்டி? நான் வரல. ஆரையாச்சும் வாங்கச் சொல்லு."

நான் வற்புறுத்தவில்லை. ஸ்வீட்லின் டீச்சரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் முதல் பெயராக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றாள். தலை சீவி, மல்லிகைப்பூ வைத்து, பொங்கலுக்குக் கொடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு வர ஆசை என்று எனக்குப் புரிந்தது. நான் முழங்கையைப் பிடித்தேன். பையப் பைய நடந்து வந்தாள்.

மேடையேறியதும் முந்தானையை விரித்துவிட்டாள். முன்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். ஸ்வீட்லின் டீச்சர் குக்கர்ப் பெட்டியை ஏந்தியபடி அவளையே பார்த்து நின்றார். அக்கா தரையைப் பார்த்து நின்றாள்.

கடைசியில் டீச்சர்தான் குனிந்து பெட்டியை முந்தானையில் வைத்தார். போடவில்லை, வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. பெட்டியின் கனத்தில் துணி தொய்ந்து இறங்கியது. விழுந்துவிடும் என்ற பயத்தில் அக்காவின் இரண்டு கைகளும் அடியில் போய்த் தாங்கின. அங்கே டீச்சரின் கைகள் இருந்தன. இருவரும் சேர்ந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு டீச்சர் விட்டார். பெட்டி அக்காவின் கையில் இருந்தது.

அடுத்துத் தாணுமாலையன் சார் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா இறங்கிப் போய்ப் பெட்டியைத் தொட்டி மேல் வைத்தாள். விழா முடிந்ததும் எப்போதும்போலக் காகிதத்தைப் பெருக்கினாள். சுகன்யாவும் நானும் கூட அள்ளினோம்.

மே மாதத்தோடு அவள் நின்றுவிட்டாள். பள்ளியில் இப்போது எல்லாப் பணியாளர்களின் பெயரும் சேர்ந்த ஆண்டும் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் முதல் பெயர் அவளுடையது. புதிதாகப் பெருக்க வந்திருப்பவளின் பெயர் கடைசியில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் சிலர் இன்னும் டீச்சர் வீட்டுக்கே போய்த் தனியாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று பேச்சு. குக்கரில் அக்காவின் மருமகள் சமைக்கிறாள். போன வாரம் அக்கா வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனேன். முந்தானையைத்தான் விரித்தாள். நான் அதில் வைத்தேன்.