டையின் வயதும் என் வயதும்

கழுத்தில் கட்டும் பழைய டைகளைச் சேர்த்து, அகலத்தையும் தையலையும் வைத்து அவற்றின் காலத்தைக் கணிப்பது என் பழக்கம். காரைக்குடியில் நான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் ஆச்சி, தன் தந்தையான அப்பச்சி மலேயாவில் கட்டிய டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்குமுன் காலம் கேட்டு என்னிடம் கொடுத்திருந்தார். மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில், பல் முளைக்கும் என் மகள் அதைக் கடித்துத் தையலைப் பிரித்துவிட்டாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆச்சியிடம் டையை நீட்டினேன்.

“நான் தூங்கியிருக்கக் கூடாது, ஆச்சி.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “டை வயசு கெடக்கட்டும். ஒனக்கு என்ன வயசு?”

“இருபத்தெட்டு.”

“மூஞ்சி நாப்பதுன்னுல்ல சொல்லுது! பிள்ளைய இங்குட்டுக் குடுத்துட்டு, அங்குட்டுப் போய்ப் படு.”

விழித்தபோது மாலையாகியிருந்தது. மகள் ஆச்சியின் மடியில் தூங்கினாள், டையின் நுனி மறுபடியும் அவள் வாயில். ஆச்சி அதைப் பிடுங்கவில்லை.

என் களைப்பை இன்னொருவர் கண்டுகொண்டது அதுவே முதல்முறை.