வலைக்குள் அப்பா

“நண்டுக்கு இங்கிலீசு படிப்பிக்கப் போறாளோ உன்ரை பெட்டை?”

சம்மாட்டியார் இதை என் அப்பாவிடம் கேட்டது எங்கள் கரையில், மீன்பிடிக் குடிலான வாடிக்கு முன்னால், விடிந்து சற்று நேரத்தில். நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் சித்தியடைந்த செய்தி முதல் நாள்தான் வந்திருந்தது. மன்னார் ரவுனில் மேல்வகுப்பான ஏ.எல். படிக்க என்னை அனுப்ப வேண்டும் என்று அம்மா எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் யாருமில்லை. அப்பா சிறுவயதிலேயே படகேறியவர். அம்மா மடுவுக்கும் மண்டபம் அகதி முகாமுக்கும் இடையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்தவர். படகும் வலையும் சம்மாட்டியாருடையவை. அப்பா அவரிடம் தொழிலுக்குப் போகிறவர். வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்கள் அவரிடம் கூலிக்கு நிற்பவர்கள். ஆகவே அவர் பகிடி விட்டால் சிரிக்க வேண்டும். ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு வீட்டுக்கு வந்து, குசினி வாசலுக்கு மேலே செருகியிருந்த திருக்கை வாலை எடுத்தார்.

கடற்கரையில் வளராதவர்களுக்கு அதை விளக்க வேண்டும். திருக்கை மீனின் வால் சாட்டையைப் போல நீண்டிருக்கும். அதை வெட்டி, உப்புப் போட்டு, நிழலில் காயவைத்து, பிடிக்கும் பக்கத்தில் துணி சுற்றி வைப்பார்கள். வாலின் தோல் முழுக்கச் சொரசொரவென்று சிறு முட்கள். அடி விழும்போது தோல் கிழியாது. வால் திரும்பி இழுபடும்போதுதான் கிழியும். பிரம்படிக் காயம் காய்ந்துவிடும். திருக்கை வால் பட்ட இடம் சீழ் வைக்கும். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அது இருந்தது. ஒரு வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கியது. பிள்ளைகளுக்குப் பயம் காட்ட என்று சொல்வார்கள். பிள்ளைகளைவிட அதிகம் அடி வாங்கியவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“சம்மாட்டியாருக்கு முன்னாலை என்னைத் தலைகுனிய வைச்சிட்டாய் என்னடி” என்று ஒவ்வோர் அடிக்கும் அப்பா கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி, முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்துத் தொங்கினேன். அவர் உதறிய வேகத்தில் கதவு நிலையில் போய் மோதினேன். முன்பல் பாதி உடைந்து நாக்கில் கிடந்தது. பக்கத்து வீட்டில் வானொலியைக் கூட்டி வைத்தார்கள். புருசன் பெண்சாதி சண்டைக்குள் போகக்கூடாது என்பதுதான் அப்போது எங்கள் ஊரின் மரியாதை.

அந்த மரியாதையை உடைத்தவர் எங்கள் மாதர் சங்கத் தலைவி. எனக்கு முறையில் மாமி. அவரும் அதே கரையில் நண்டு கழற்றியவர்தான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய கணவர் அதிகம் பேசாதவர், வீட்டில் சமைப்பவர். “சீலைக்குள்ளை ஒளிச்சவன்” என்று ஆண்கள் அவரை நக்கலடிப்பார்கள். “வெயிலுக்கு நல்ல நிழல், நீங்களும் வாங்கோவன்” என்று அவர் அமைதியாகப் பதில் சொல்லிவிட்டுப் போவார்.

சங்கத்துக்கென்று ஒரு கொட்டில் இருந்தது. ஆனால் கூட்டத்துக்குப் போன பெண்கள், ஊர் சுற்றியதாகக் கணவனிடம் அடி வாங்கினார்கள். அதனால் தலைவி கூட்டத்தைக் கரைக்குக் கொண்டுவந்தார். நண்டு கழற்றும் இடமான வலையடிக்குப் போகாதே என்று எந்த ஆணும் சொல்லமாட்டான். கழற்றாத நண்டு செத்துப்போகும். செத்த நண்டை, வாங்கும் கம்பனி எடுக்காது. நீளமான வலையின் இரு பக்கமும் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். விரல்கள் நீலக்கால் நண்டின் கால்களை ஒவ்வொன்றாக நூலிலிருந்து விடுவிக்கும். வாய் கூட்டம் நடத்தும். பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து மறிக்கக்கூடாது என்று தீர்மானம் எடுத்ததும் அங்கேதான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் நடுவில் நின்று, தலைவி கொண்டுவரும் சிறு புத்தகங்களைச் சத்தமாக வாசிப்பேன். வீட்டு வன்முறைக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, அடி வாங்குகிறவள் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று நான் வாசித்தபோது ஒரு பெண் கேட்டார்:

“பிள்ளை, மனிசன் குடிச்சிட்டு வரேக்கை நீதவான் வாசல்லை வந்து நிப்பாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. “அவர் வரமாட்டார். நாங்கள் வருவம். சத்தம் கேட்டால் கையிலை இருக்கிறதைப் போட்டிட்டுப் போறது. அந்த வீட்டுக்குள்ளை போய் நிக்கிறது” என்றார். சரி என்று பெண்கள் தலையாட்டினார்கள். தலையாட்டினார்களே தவிர, யாரும் போகவில்லை.

அப்பா அடித்த மறுநாள் அம்மா வலையடிக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலைவி கண்டுவிட்டார்.

“ஏன்டி, கூப்பிடேல்லை?”

“சத்தம் போட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு விடமாட்டார் அக்கா.”

“சத்தம் போடாட்டியும் விடமாட்டான். பிறகென்ன, போடு சத்தத்தை.”

பள்ளி தொடங்குவதற்கு முந்திய கிழமை, ஒரு காலை, அப்பா என்னை எழுப்பிக் கரைக்கு நடத்திச் சென்றார். “இண்டையிலிருந்து நீயும் கூலிக்கு இருக்கிறாய்” என்று வலையடியில் இருத்தினார். நான் ஒரு நண்டைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை, அம்மா ஓடி வந்தார். என் புயத்தைப் பிடித்துத் தூக்கினார். “எழும்பு. உன்ரை வேலை இதில்லை” என்றார். சம்மாட்டியார் பார்த்துக்கொண்டு நின்றார். படகிலிருந்து குதித்து வந்த அப்பாவின் கையில் திருக்கை வால் இருந்தது. அதை அவர் கரைக்குக் கொண்டுவந்தது அன்றுதான் முதல் தடவை. எனவே அது அந்த நேரத்துக் கோபமல்ல. வீட்டிலேயே யோசித்து எடுத்து வந்திருக்கிறார்.

முதலடி அம்மாவின் கழுத்தைச் சுற்றி விழுந்தது. இழுத்தார். அம்மா மணலில் விழுந்து, என் வாழ்நாளில் நான் கேட்டிராத ஒரு குரலில், “தலைவியக்கா!” என்று கத்தினார்.

வரிசை முழுவதும் எழுந்தது. அவர்கள் மடியில் வலை கிடந்தது. இன்னும் பாதி நண்டு கழற்றப்படாத வலை. தலைவி ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமுமாகத் தூக்கி அதை அப்படியே அப்பாவின் தலைக்கு மேலால் எறிந்தார்கள். அவர் திரும்பினார், கால் சிக்கியது. கையை உயர்த்தினார், கையும் சிக்கியது. விழுந்து உருண்டார். உருள உருள நைலோன் நூல் உடம்பெல்லாம் ஏறி இறுகியது. உள்ளே அவரோடு உயிர் நண்டுகள். பெண்கள் மேலே விழுந்தார்கள். செருப்பால் அடித்தார்கள், குந்தியிருக்கும் பலகையால் அடித்தார்கள், கையால் அடித்தார்கள். ஒருத்தி மண்ணை அள்ளி அவருடைய வாய்க்குள் திணித்தாள். தங்கள் வீட்டில் வாங்கிய அடியையெல்லாம் அந்த ஒரு முதுகில் இறக்கினார்கள். விழுந்து கிடந்த வாலை நான் எடுத்து இரண்டு முறை அடித்தேன். இரண்டாம் முறை இழுத்தபோது தோல் கிழிவதைக் கையில் உணர்ந்தேன். ஒரு பெரிய நண்டு அவருடைய காது மடலைக் கவ்வியது. அது விடவில்லை. அப்பா அலறினார்.

ஆண்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் கத்தியை எடுத்தார்.

“டேய், வெட்டாதை! புது வலையடா!” என்று சம்மாட்டியார் கத்தினார்.

கத்தியை வைத்துவிட்டுக் கையால் கழற்றப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கரையில் வலை விடுவதும் இழுப்பதும் ஆண்களின் வேலை, கழற்றுவது பெண்களுடையது. ஆண்கள் ஓர் இடத்தில் இழுக்க இன்னோர் இடத்தில் இறுகியது. அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பெண்கள் கைகட்டி நின்றார்கள். கடைசியில் அம்மாதான் போய் அவருடைய தலைமாட்டில் இருந்தார். கழுத்திலிருந்து ரத்தம் வழிந்து மார்புவரை நனைந்திருந்தது.

“ஆடாதையுங்கோ. ஆடினால் இன்னும் இறுகும்” என்றார். முதலில் கழுத்து நூலை விடுவித்தார். பிறகு சொன்னார்: “பிள்ளை திங்கக்கிழமை ரவுன் பள்ளிக்கூடம் போறாள்.”

“உன்னைக் கொல்லுவன்டி.”

அம்மா கையை எடுத்துவிட்டார்.

“கொல்லுறதெண்டால் முதல் வெளியிலை வரவேணுமே தம்பி” என்றார் தலைவி. ஆண்கள் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. சம்மாட்டியாருக்குப் பொறுக்கவில்லை. “ஓமெண்டு சொல்லித் துலையடா. என்ரை நண்டு சாகுது.”

“ஓம்” என்றார் அப்பா.

“சம்மாட்டியாருக்குச் சொல்லாதையுங்கோ. பிள்ளைக்குச் சொல்லுங்கோ” என்றார் அம்மா.

அப்பா வலைக்கண்களுக்குள்ளால் என்னைப் பார்த்தார். காதிலிருந்து இன்னும் நண்டு தொங்கியது. “போ” என்றார்.

இத்தோடு இதை முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் வலையிலிருந்து வெளியே வந்த ஆணின் மானம் எங்காவது போய் விழ வேண்டுமே. அந்த ஞாயிறு பூசை முடிந்து, நல்ல வெயிலில், தலைவியும் கணவரும் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். வாடிப் பக்கமிருந்து அப்பாவும் அவரோடு தொழிலுக்குப் போகும் இருவரும் வந்தார்கள். கணவரை உதைத்து விழுத்தினார்கள். தலைவியின் வலது கையைப் பிடித்து, கரையில் ஏற்றியிருந்த படகின் விளிம்பில் அழுத்தினார்கள். “நண்டு கழட்டுற கைதானே?” என்று கேட்டுவிட்டு அப்பா துடுப்பை ஓங்கினார். ஈர விறகு முறிவது போலக் கேட்டது. பிறகும் ஓங்கினார். ஓடிப்போய் மறித்த அம்மாவைத் தள்ளிவிட்டு மூன்றாம் முறையும் அடித்தார். தலைவி அழவில்லை, அப்பாவின் முகத்தில் துப்பினார். ஒழுங்கையின் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சாத்திய பெண்களில் வலையைத் தூக்கி எறிந்தவர்களும் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து கேட்டபோது, “படகு உருண்டு கைக்கு மேலை ஏறினது” என்றார் தலைவி. அவர்கள் போனதும் நான் அழுதுகொண்டே ஏன் என்று கேட்டேன். அவர் குரலை இறக்கிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

“பொலிசு கொப்பரை உள்ளை போட்டால் உழைக்க ஆளில்லை. கொம்மா உன்னை வலையடிக்குத்தான் கொண்டுபோவா. அவ வேறை என்ன செய்யிறது? நீ வாயைத் திறவாதை. பள்ளிக்குப் போ. போய் முடிச்சிட்டு வா, பிறகு பாப்பம்.”

திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். என் ஏ.எல். படிப்பின் விலை அந்த வலது கை என்று தெரிந்தே ஏறினேன். தலைவியின் விரல்கள் வளைந்தபடி ஒட்டின. சம்மாட்டியார் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. “நல்லதாப் போச்சு, என்னை முழுநேரத் தலைவியாக்கி விட்டிட்டார்” என்று சொல்லிக்கொண்டு அவர் முள்ளிக்குளத்துக்கும் நறுவிலிக்குளத்துக்கும் பஸ் ஏறிப் போனார். அங்கே வயலில் நாற்று நடும் பெண்களோடு வரம்பில் இருந்து கூட்டம் நடத்தினார். இங்கே வாசல் சாத்திய பெண்கள் வெட்கப்பட்டார்களோ பயம் தெளிந்தார்களோ, ஒருவர் இருவராகத் தலைவியின் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். அப்பா அதன்பின் அடிக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். அடித்தார். ஆனால் கை ஓங்கிச் சற்று நேரத்துக்குள் எங்கள் முற்றம் பெண்களால் நிறைந்துவிடும். யாரும் பேசமாட்டார்கள். அவர் கையை இறக்கும்வரை நிற்பார்கள்.

வன்முறைக்கு வன்முறை தீர்வல்ல என்று ஏ.எல். வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன், நல்ல புள்ளி கிடைத்தது. அதில் எழுதியவற்றை இப்போதும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வகுப்பில், அந்தக் கதிரையில் நான் இருந்தது ஒரு காலையில் பெண்கள் ஓர் ஆணை வலையில் சுற்றி அடித்ததால்தான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நான் இன்னும் பழகவில்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. செய்தியோடு முதலில் தலைவியிடம்தான் போனேன். இடது கையால் மீன் வெட்டப் பழகியிருந்தார். “மாமி, நான் பொலிசுக்குப் போகப் போறன்” என்றேன்.

“இப்ப என்னத்துக்கு? கை பழகிப் போச்சு.”

“முடிச்சிட்டு வா எண்டனீங்கள். இனி என்னை நிப்பாட்ட ஒருத்தராலையும் ஏலாது.”

அவர் வெட்டிய மீனைக் கழுவி முடித்தார். பிறகு, “நான் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லு. பிறகு நான் வந்து உண்மையைச் சொல்லுறன்” என்றார்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். மறைந்து போக எனக்கு விருப்பமில்லை. முற்றத்தில் இருந்தவர் எழுந்தார். “பெத்த தகப்பனையோ?” என்றார். “ஓம் அப்பா, உங்களைத்தான்” என்றேன். கை உயர்ந்தது. நான் நகரவில்லை. அது பாதியில் நின்றது. உள்ளேயிருந்து அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். “நில்லு, நானும் வாறன். நானும் கண்டனான்.”

பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் பொலிஸ் என் வாக்குமூலத்தை எடுத்தார். பெண்கள் அடித்ததைச் சொன்னேன். நான் இரண்டு முறை அடித்ததையும் சொன்னேன். பிறகு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். துடுப்பை ஓங்கியது யார் என்று அவர் கேட்டார். என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும் அந்தப் பெயரை, முழுதாகச் சொன்னேன்.