உள்ளதைச் சொன்ன எங்கள் அப்பா

அப்பா எங்களைப் பிரிந்து இன்றுடன் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரை இங்கே சுவிஸில், லாங்கன்தாலில் மட்டுமே அறிந்தவர்கள். ஆகவே, மூத்த மகளான நான் இந்த நினைவு மலரில் முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா பருத்தித்துறையில் ஒரு தபாற்காரரின் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். உதவி வைத்தியராகப் படித்து முடித்ததும், வன்னியின் எல்லையோரக் குடியேற்றக் கிராமம் ஒன்றில் நியமனம் கிடைத்தது. மலேரியாவும் பாம்புக்கடியும் மிகுந்த ஊர். போனவர்கள் ஆறு மாதத்தில் இடமாற்றம் கேட்பார்கள். அப்பா அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் அழைத்துக்கொண்டு போனார்; முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்.

ஒரு மாரியில், பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட பெண் ஒருவர், ஆற்று வெள்ளம் வடியட்டும் என்று உழவு இயந்திரப் பெட்டியில் காத்திருந்து, அங்கேயே இறந்துபோனார். அதன் பிறகுதான் அப்பா ஊர்ச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். பாலம் கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாரியில் அவரே மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் போய், பொறுப்பான அதிகாரியைக் கையோடு கூட்டிவந்து ஆற்றின் முன் நிறுத்தினார்.

“கடிதத்தில தண்ணி தெரியாது, ஐயா. கொஞ்ச நேரம் நிண்டு பாருங்கோ” என்றாராம்.

அதிகாரி இரண்டு மணி நேரம் நின்றார். மறு வருடம் பாலம் வந்தது.

2009இல், போரின் இறுதி மாதங்களில் அம்மாவை இழந்தோம். அம்மாவை அடக்கம் செய்த அன்றே அப்பா காயப்பட்டவர்களிடம் திரும்பிப் போனார் என்பதை, அப்போது மணமாகி இங்கே சுவிஸில் இருந்த நான் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவர் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

போருக்குப் பின் அடைபட்டிருந்த அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, பல விண்ணப்பங்களுக்குப் பின் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இங்கே அவருடைய படிப்புச் செல்லாது. அறுபது வயதுக்கு மேல் வகுப்பில் இருந்து ஜெர்மன் மொழியான டொச் படித்தார். சுகமில்லை என்று யாராவது தேடி வந்தால், தான் இங்கே டொக்டர் இல்லை என்று சொல்லி, உரிய வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்.

இனிச் சொல்லப்போவதைச் சம்பந்தப்பட்ட இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எங்கள் தெருவில் இருந்த ஒரு தம்பதியரில் மனைவிக்கு மார்பில் கட்டி. அவருக்கு டொச் தெரியாததால் கணவரே வைத்தியரிடம் மொழிபெயர்த்தார். புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதை, சாதாரணக் கட்டி, வெட்டி எடுத்தால் சரி என்று மனைவிக்குச் சொல்லிவிட்டார். அப்பாவும் அப்படியே சொல்லவேண்டும் என்று வந்து கேட்டார். அப்பா மறுத்தார். “அவவின்ர உடம்பு, தம்பி. நீர் சொல்லும், நான் பக்கத்தில இருக்கிறன்” என்றார். கணவரால் முடியவில்லை.

அடுத்த வாரம் மனைவி தனியாக வந்தார். மகளின் பூப்பு விழாவான சாமத்தியவீடு முடிந்த பிறகு சத்திரசிகிச்சை செய்தால் போதாதா என்று கேட்டார். தேநீர் கொண்டுவந்த நான் அங்கேயே நின்றேன். அப்பா அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“இல்லைப் பிள்ளை. இது புற்றுநோய். பிந்தக் கூடாது. இப்ப செய்தால் சுகம் வாறதுக்கு நல்ல இடமிருக்கு.”

அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி இருந்தார். பிறகு, “இவருக்குத் தெரியுமோ?” என்றார்.

“ஓம்.”

“அப்ப இவ்வளவு நாளும் தனியத்தான் அழுதிருக்கிறார்.”

அன்று மாலையே கணவர் வந்து, இந்த நாட்டில் வைத்தியர் அல்லாதவருக்கு இதைச் சொல்ல என்ன உரிமை என்று வாசலில் நின்று சத்தமிட்டார். மனைவி சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். ஆனாலும் கணவர் மூன்று வருடம் அப்பாவின் முகம் பார்க்கவில்லை. “நான் அவசரப்பட்டிட்டனோ தெரியாது” என்று அப்பா ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு, தட்டுத்தடுமாறும் டொச்சோடு நகரசபைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறி ஏறி இறங்கினார். நோயாளிக்குச் சொந்தக்காரர் மொழிபெயர்க்கும் நிலை மாறவேண்டும் என்பதே அவர் கேட்டது. இன்று எங்கள் பகுதியில் அந்தப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள்.

சென்ற வருடம் அப்பாவின் ஈரலில் நோய் கண்டார்கள். அப்பா டொச்சிலேயே, இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டார். சில வாரங்கள் என்றார் வைத்தியர். அப்பா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரங்களில் அன்போடு பராமரித்த தாதியருக்கும், கிரியைகளில் தோள்கொடுத்த லாங்கன்தால், பாடன், சூக் நகர உறவுகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். வேலை முடிந்ததும் தினமும் வந்து, அதிகம் பேசாமல் அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்ட, எங்கள் தெருவின் அந்தக் கணவருக்கும் எங்கள் நன்றி.

செய்தி கேட்டு வன்னியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் பலர் தொலைபேசியில் அழைத்தார்கள். நீங்கள் யார் என்று கேட்டால், “டொக்டர் ஐயா பிரசவம் பாத்துப் பிறந்த பிள்ளை நான்” என்று மட்டும் சொல்லி அழுதார்கள். அவர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியாததால் இங்கே எழுத முடியவில்லை. அவர்களுக்கே இந்த மலர்.