சங்குக்குக் காத்திருந்த டிரம்கள்

போன மாதம் கவரைப்பேட்டையில் பள்ளிகளுக்கான பேண்டு போட்டி நடந்தது. எல்லா அணிகளும் பியூகிளில் ஒரு சுரத்தை நீளமாக ஊதிவிட்டுத்தான் டிரம்மைத் தொட்டன. "இது ராணுவ மரபு" என்றார் மைக் பிடித்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மரபு பிறந்தபோது நான் டிரம்மோடு நின்றிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஆலை மதிலை ஒட்டியிருந்தது எங்கள் பள்ளி. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் சங்கு ஊதும். உடனே பயிற்சியைத் தொடங்குவோம். முதல் போட்டிக்குத் திருவள்ளூர் போனோம். நடுவர் கையசைத்தார். ஒருத்தியும் அடிக்கவில்லை, சங்குக்குக் காத்திருந்தோம்!

"இன்னாடி, மரம் மாறி நின்னுக்கினு கீறீங்க?" என்று பல்லைக் கடித்தாள் எங்கள் பியூகிள்காரி. பிறகு ஆலைச் சங்கை அப்படியே ஊதினாள். பொத்தானே இல்லாத குழல், உதடும் மூச்சும்தான். கடைசியில் சங்கு தேய்ந்து அடங்குவதைக்கூட விடவில்லை. எங்கள் கைகள் தாமாக டிரம்மில் இறங்கின. கோப்பை எங்களுக்கு. அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிகளும் அப்படியே தொடங்கின.

இன்று அவள் அதே ஆலையில் வேலை செய்கிறாள். மைக் பிடித்தவர் சொன்னதை அவளிடம் போனில் சொன்னேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கம் சங்கு ஊதியது.

"ராணுவம் கூப்புடுதுடி, வச்சிடறேன்" என்றாள்.